கண்ணாடிச் சில்லு

விரிசலின் குறுக்கே
விரல் நீளக் கண்ணாடிச் சில்லு ஒன்றை வைத்து
இரு முனையிலும் சிமெண்ட் அப்பி
பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார்
இன்ஜினியர் நாகவேணி.
மார்ச் பதினொன்று.
உடைந்தால் சுவர் இன்னும் இறங்குகிறது.
உடையாவிட்டால் நின்றுவிட்டது, பழுது பார்க்கலாம்.
'நோடோணா' என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

பக்கத்து மனையில்
கார்கள் உறங்க இரண்டு தளம் தோண்டுகிறார்கள்.
ராப்பகலாய் மோட்டார் ஊற்றை இறைக்கிறது.
எங்கள் சாக்கடையில் தெளிந்த தண்ணீர் ஓடி
இப்போதுதான் பார்க்கிறேன்.
பெங்களூரின் இந்த ஏரியாவுக்கு வந்து
முப்பது வருஷம்.
கடைசி எழுத்தை எடுத்துவிட்டுப் படித்திருந்தால்
இது என்ன இடமென்று
அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மாடியில் குடியிருக்கும் ரோஷ்மா லக்ரா
இரவு ஷிஃப்ட் முடித்து வந்து
படுக்கையை வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.
நர்ஸ். எதையும் விசாரிக்கவில்லை.
அட்வான்ஸை மட்டும் எப்போது தருவீர்கள் என்றாள்.

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்க
பதினாலு லட்சம் கேட்டார்கள் ஹரியானாக்காரர்கள்.
இடிக்கிற முனாவரோ
கம்பிக்கும் கதவுக்கும் விலை போட்டு
எண்பதாயிரம் எங்களுக்குத் தருவதாகச் சொன்னார்.
காப்பாற்றக் காசு கொடுக்கணும்,
கைவிட்டால் காசு வரும்.
இன்பநாதன் கால்குலேட்டரைத் தட்டித் தட்டி
எந்தப் பக்கமும் சாயாமல் உட்கார்ந்திருந்தார்.
வீட்டில் அவர் ஒருவர்தான் அப்படி.

ஒன்று சொல்ல வேண்டும்.
தொண்ணூற்று நாலில் கடைக்கால் தோண்டும்போது
மண் கறுப்பாக வருகிறது, ஐந்தடி போகணும்
என்றார் மேஸ்திரி கண்ணுச்சாமி.
மூன்றரை போதும் என்றது நான்தான்.
மிச்சமான சைஸ் கல்லின் காசில்
எனக்கு ஒரு பால்கனி.
தெருவிலேயே முதல் பால்கனி.
அதில் நின்று துணி உலர்த்தினேன்,
தலை உலர்த்தினேன்,
மழை வருவதை எல்லோருக்கும் முன்னால் பார்த்தேன்.
விரிசல் அடுப்படியில் பிறந்து
படியேறி
நேராக அங்கேதான் போயிருக்கிறது,
வழி தெரிந்த மாதிரி.

ஏப்ரல் இரண்டு, விடியுமுன்.
பால் பாக்கெட் எடுக்கப் போனவள் பார்த்தேன்,
சில்லு இரண்டாக இருந்தது.
சத்தமில்லாமல் பெயர்த்தேன்.
வேறு கண்ணாடி வைத்துப் பூசிவிட்டால்
யாருக்குத் தெரியும்?
நடையில் தொங்கும் அவருடைய ஓய்வுச் சான்றிதழை
இறக்கித் திருப்பி
ஆணி கழற்றப் போனால்
ஆணி இல்லை.
கண்ணாடியும் இல்லை.
காகிதம் நேரே விரலில் பட்டது.
கையிலிருந்த துண்டுகளைச்
சட்டத்தின் மூலையில் வைத்துப் பார்த்தேன்.
பொருந்தின.

எப்போது செய்தாரோ.
எத்தனை தடவையோ.
உள்ளே குறட்டைச் சத்தம் இல்லை.
சான்றிதழைத் திரும்ப மாட்டிவிட்டு
டீ போட்டேன்.
"முனாவர் நம்பர் உங்க போன்ல இருக்கா?"
"இருக்கு."
அவ்வளவுதான் பேசினோம்.

மே மாதம் ஜேசிபி வந்தது. ஒன்றரை நாள் வேலை.
அடியில் டயர், உடைந்த பீங்கான்,
கைப்பிடி நத்தைக் கூடு,
இன்னும் காயாத கறுப்பு மண்.
கடைக்கால் கல்லை டேப் பிடித்து அளந்தான்
முனாவரின் பையன்.
இரண்டரை அடி.
ஐந்து என்றார் மேஸ்திரி. மூன்றரை என்றேன் நான்.
அந்த இன்னோர் அடியைத் தின்றது யார்?
இன்பநாதன் குனிந்து
செருப்பு வாரைச் சரிசெய்தார்.
நெடுநேரம் சரிசெய்தார்.

கடைசியில் கம்பியை எடை போட்டார்கள்.
வீட்டுக் கம்பியெல்லாம் துரு, கையில் உதிருது,
இந்தப் பால்கனிக் கம்பி மட்டும்
இன்னும் நூறு வருஷம் தாங்கும்மா
என்றார் முனாவர்.
நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு
கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.